அம்புக்குறிகள் ஒரே பக்கம் பார்க்கின்றன

அரசுத் துறைகள் தங்களுக்குள் தகவல் பகிர்ந்துகொள்வதற்கான கட்டமைப்பை வரைவதும், மற்றவர்கள் வரைந்ததைச் சரிபார்ப்பதும் என் தொழில். புதிய வரைபடம் ஒன்று மேசைக்கு வந்தால் நான் முதலில் பெட்டிகளைப் பார்ப்பதில்லை; அம்புக்குறிகளைப் பார்ப்பேன். பிறப்புப் பதிவேட்டிலிருந்து கல்வித் துறைக்கு ஓர் அம்பு போகும். வரித் துறையிலிருந்து நலத்திட்டத் துறைக்கு ஒன்று, காவல் துறையிலிருந்து குடிவரவுத் துறைக்கு இன்னொன்று. எல்லாம் மூலத்தில் புறப்பட்டு, கேட்டவரிடம் போய் முடியும். வந்த தகவல் தவறு என்று பெற்றவர் கண்டுபிடித்தால் அந்தச் செய்தி எந்த வழியாகத் திரும்பும் என்று கேட்பேன். வரைந்தவர் பெரும்பாலும் ஒரு தொலைபேசி எண்ணைச் சொல்வார். இல்லையென்றால், "அதற்கென்று ஒரு நடைமுறை இருக்கிறது" என்பார். உண்மையில் இருக்கிற நடைமுறையை வரைபடத்தில் போடாமல் யாராவது விடுவார்களா?

தகவல் பகிர்வில் பாதி வேலையை மட்டுமே நாம் இத்தனை காலமாக வடிவமைத்து வந்திருக்கிறோம் என்பது என் எண்ணம். தரவு வெளியே போவதற்கு வேண்டிய குழாய்கள், தரங்கள், பாதுகாப்பு எல்லாவற்றையும் யோசித்துவிட்டோம். திருத்தம் திரும்பி வருவதற்கு வழி போடவில்லை. புதிதாக வருகிற தொழில்நுட்பங்களில் சில இந்தக் குறையைத் தீர்க்கின்றன, சில அதை மோசமாக்குகின்றன. எது எதைச் செய்கிறது என்று பார்ப்பதற்கு முன் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

ஒரு நிறுவனத்தின் வேலைகளையும் தரவையும் கணினி அமைப்புகளையும் ஒன்றாகத் திட்டமிடும், என்டர்பிரைஸ் ஆர்க்கிடெக்சர் என்று நாம் சொல்கிற துறைக்கு, ஐபிஎம் நிறுவனத்திலிருந்த ஜான் சாக்மன் 1987-இல் எழுதிய கட்டுரையைத்தான் பலரும் தொடக்கமாகக் காட்டுவார்கள். அவர் விவரித்த அட்டவணையில் அப்போது மூன்று பத்திகள், அதாவது நெடுவரிசைகள்: என்ன தரவு, எப்படிச் செயல்படுகிறது, எங்கே இருக்கிறது. யார், எப்போது, ஏன் என்ற மற்ற மூன்றும் ஜான் சோவாவுடன் சேர்ந்து அவர் 1992-இல் எழுதிய கட்டுரையில்தான் விரிவாக இடம்பெற்றன. இதைக் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் இன்றும் நான் பார்க்கிற ஆவணங்களில் முதல் மூன்று பத்திகள் கொழுத்தும், "யார்" என்ற பத்தி மெலிந்தும் இருப்பதைப் பார்க்கும்போது, பிறந்த காலத்துப் பழக்கம் லேசில் போகாது போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன்.

இந்த யோசனையை அரசு அளவில் பெரிதாகச் செய்து பார்த்த நாடு அமெரிக்கா. ஒவ்வொரு அமைச்சகத்துக்கும் ஒரு தகவல் தொழில்நுட்பத் தலைமை அதிகாரி இருக்க வேண்டும், அவர் கட்டமைப்பு ஒன்றை உருவாக்கிப் பராமரிக்க வேண்டும் என்று 1996-ஆம் ஆண்டின் கிளிங்கர்-கோஹன் சட்டம் சொன்னது. 2002-இலிருந்து கூட்டாட்சி அரசு முழுவதற்கும் பொதுவான ஐந்து வழிகாட்டி மாதிரிகள் ஒவ்வொன்றாக வெளிவந்தன: செயல்திறன், அரசுப் பணிகள், சேவைக் கூறுகள், தொழில்நுட்பம், தரவு. அவற்றில் தரவுக்கான மாதிரிதான் கடைசியாக வந்தது. அதன் இரண்டாம் பதிப்பு 2005 நவம்பரில். எந்தத் துறை எந்த வேலையைச் செய்கிறது என்று பட்டியல் போடுவது எளிது. ஒரே மனிதரைப் பற்றி ஐந்து துறைகள் வைத்திருக்கும் ஐந்து பதிவுகளில் எது சரி என்று சொல்ல யாருக்குத்தான் தைரியம் வரும்? கடைசியாக வந்ததில் ஆச்சரியமில்லை.

இதற்கிடையில் 2001 செப்டம்பர் 11 தாக்குதல் நடந்துவிட்டது. அதை விசாரித்த ஆணையம் 2004-இல் தந்த அறிக்கை, துறைகள் தகவலைத் தங்களுக்குள்ளேயே பூட்டி வைத்திருந்ததைக் கடுமையாகக் குறிப்பிட்டது. யாருக்குத் தெரிய வேண்டுமோ அவருக்கு மட்டும் என்ற பழைய விதியின் இடத்தில், பகிர்ந்தே ஆக வேண்டும் என்ற புதிய விதி வந்தது. அதே ஆண்டில் சட்டமும் வந்தது. 2005-இல் நீதித் துறையும் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையும் சேர்ந்து நீம் என்று சுருக்கமாக அழைக்கப்படும் தேசியத் தகவல் பரிமாற்ற மாதிரியைத் தொடங்கின.

நீம் எனக்குப் பிடித்த வேலை. எல்லோரும் ஒரே தரவுத்தளத்துக்கு மாறுங்கள் என்று அது கேட்கவில்லை. உங்கள் வீட்டுக்குள் எப்படி வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள், வாசலில் கைமாறும் செய்தி மட்டும் இந்த வடிவில் இருக்கட்டும் என்றது. நபர், முகவரி, வாகனம் என்று எல்லாத் துறைகளுக்கும் பொதுவான சொற்களின் தொகுதி ஒன்று. அதன்மேல் ஒவ்வொரு துறைக்கும் உரிய சேர்க்கை. துறைகளின் அரசியலை அறிந்த யாரோதான் இப்படி யோசித்திருக்க முடியும். ஆனால் எந்தப் பரிமாற்றத் தரமும் செய்தியின் வடிவத்தைத்தான் சரிபார்க்கும். உள்ளே இருப்பது உண்மையா என்று பார்ப்பது அதன் வேலையில்லை.

பிறந்த தேதி என்ற ஒரு புலத்தை எடுத்துக்கொள்வோம். பதிவு செய்ய வந்தவருக்குப் பிறந்த ஆண்டு மட்டும்தான் தெரியும். மென்பொருள் வெற்றிடத்தை ஏற்காது. நாளும் மாதமும் போட்டால்தான் அடுத்த பக்கம் திறக்கும். பதிவாளர் ஜனவரி 1 என்று போட்டுவிட்டு அடுத்தவரைக் கூப்பிடுவார். அந்த அலுவலகத்துக்குள் இது எல்லோருக்கும் தெரிந்த சமாச்சாரம்; ஜனவரி 1 என்றால் "தெரியாது" என்று அர்த்தம். அதே பதிவு வேறொரு துறைக்குப் போகும்போது அந்தப் பொதுஅறிவு கூடப் போவதில்லை. பெறும் கணினிக்கு அது முறையான தேதி, எழுத்துப் பிழைகூட இல்லை. பெயரும் பிறந்த தேதியும் ஒத்துப்போனால் இருவரும் ஒருவரே என்று முடிவு செய்யும் பொருத்து மென்பொருளுக்கு இது பலமான சான்று. நான் கையாண்ட ஒரு பதிவேட்டில் ஜனவரி முதல் தேதியில் பிறந்தவர்கள் மலையாகக் குவிந்திருந்தார்கள். பெயரும் பரவலான பெயராக இருந்துவிட்டால் இரண்டு மனிதர்கள் ஒரே மனிதராகி, ஒருவருடைய பாக்கி இன்னொருவர் தலையில் விழும். இத்தனைக்கும் ஆண்டை மட்டும் எழுதவும், உறுதியற்ற தேதி என்று குறிக்கவும், தேதி எழுதுவதற்கான பன்னாட்டுத் தரமான ஐஎஸ்ஓ 8601-இன் 2019-ஆம் ஆண்டு இரண்டாம் பகுதி வழி செய்திருக்கிறது. மூலத் துறையின் திரையில் அதற்கு இடம் வைக்காதவரை தரம் இருந்து என்ன செய்ய?

தவறு எப்படி நுழைகிறது என்பதற்கு இது சிறிய உதாரணம். நுழைந்த தவறு எப்படி வெளியேற மறுக்கிறது என்பதற்கு நான் எப்போதும் சொல்கிற வழக்கு ஒன்று உண்டு.

2004 நவம்பரில் எஃப்பிஐ முகவர் ஒருவர், ஸ்டான்ஃபோர்டில் முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்த மலேசியப் பெண் ஒருவரைப் பற்றிப் படிவம் ஒன்றை நிரப்பினார். அரசின் கண்காணிப்புப் பட்டியல்களின் பெயர்கள் அதில் வரிசையாக இருந்தன. எந்தப் பட்டியல்களில் இவரைச் சேர்க்க வேண்டாமோ அவற்றுக்கு எதிரே குறியிட வேண்டும் என்பது படிவத்தின் விதி. முகவர் தலைகீழாகப் புரிந்துகொண்டு, சேர்க்க வேண்டியவற்றுக்குக் குறியிட்டார். விமானத்தில் ஏறத் தடை விதிக்கும் பட்டியலில் சேர்க்கும் எண்ணம் அவருக்கு இல்லை. அதனால் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டார். காலியாக விட்டதாலேயே பெயர் அதில் ஏறியது.

2005 ஜனவரியில் சான் பிரான்சிஸ்கோ விமான நிலையத்துக்குச் சக்கர நாற்காலியில் வந்த அந்தப் பெண்ணைக் கைவிலங்கிட்டு அழைத்துப் போனார்கள். சில மணி நேரத்தில் விட்டுவிட்டார்கள். மறுநாள் நாடு திரும்பவும் முடிந்தது. ஆனால் அதன்பின் விசா ரத்தானது, திரும்பி வர முடியவில்லை. வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுத்தது. தான் படிவத்தைத் தவறாக நிரப்பியது அந்த முகவருக்கே தெரியவந்தது 2013-இல், வழக்கறிஞர்கள் முன் வாக்குமூலம் கொடுக்கும்போது. 2014 ஜனவரியில் வந்த தீர்ப்பில், இந்தத் தவற்றின் சுவடு எந்தெந்தப் பட்டியலில், எந்தெந்தப் பதிவில் இருக்கிறதோ அத்தனையிலும் தேடி நீக்க வேண்டும் என்று நீதிபதி வில்லியம் ஆல்சப் உத்தரவிட்டார். ஒரு தரவுத்தளத்தில் விழுந்த தகவல் பின்னிப் பிணைந்த மற்றத் தரவுத்தளங்களுக்குள் எப்படிப் பரவுகிறது என்பதையும் அவர் எழுதியிருந்தார்.

கட்டமைப்பாளனாக இதைப் படித்தால் வயிற்றைக் கலக்கும். ஏனென்றால் இதில் எந்த அமைப்பும் பழுதாகவில்லை. பட்டியல்களை ஒன்றாக்கியிருந்தார்கள், சேர்ந்த பெயர் உரிய இடங்களுக்கெல்லாம் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தது, விமான நிலையத்தில் இருந்தவர் தன் திரையில் கண்டதை நம்பினார். தகவல் பகிர்வுத் திட்டத்தின் வெற்றி அறிக்கையில் எழுதத் தகுந்த செயல்பாடு. கோளாறு இரண்டு இடத்தில் இருந்தது. ஒன்று, எதையும் செய்யாமல் விட்டால் ஆளைப் பட்டியலில் ஏற்றிவிடும் படிவம். மற்றது, படிவம் நிரப்பியவருக்கும் அதன் விளைவுக்கும் நடுவே ஒரு தொடர்பும் இல்லாதது. "நீங்கள் அனுப்பிய பதிவால் இன்று ஒருவரைக் கைது செய்தோம், சரிதானே?" என்று ஒரு செய்தி அன்றே அந்த முகவரின் மேசைக்கு வந்திருந்தால் வழக்கே வேண்டியிருந்திருக்காது.

உதவித்தொகை வாங்கியவர்களின் கடனைக் கணினியே கணக்கிட்ட ஆஸ்திரேலியாவின் ரோபோடெட் விவகாரம் வேறு வகை. அங்கே தரவில் தவறே இல்லை. வரி அலுவலகம் கொடுத்தது ஒருவருடைய ஆண்டு வருமானம். அது சரியான எண். நலத்திட்டத் துறைக்கு வேண்டியிருந்தது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வருமானம். ஆண்டுத் தொகையை 26-ஆல் வகுத்துச் சராசரி எடுத்து, அதையே ஒவ்வொரு இரண்டு வாரத்துக்கும் உண்மையான வருமானமாக வைத்து, நீங்கள் அதிகமாக உதவித்தொகை வாங்கியிருக்கிறீர்கள் என்று கடன் நோட்டீஸ் அனுப்பினார்கள். சில மாதம் வேலை பார்த்து, சில மாதம் வேலையின்றி இருந்தவர்கள்தான் இதில் அடிபட்டார்கள். தவறென்று நிரூபிக்கும் பொறுப்பும் அவர்கள் தலையிலேயே விழுந்தது; பழைய சம்பளச் சீட்டைத் தேடி எடுக்க வேண்டும். 2020 மே மாதம் சுமார் 4,70,000 கடன்களுக்காக 72.1 கோடி ஆஸ்திரேலிய டாலரைத் திருப்பித் தருவதாக அரசு அறிவித்தது. இதை விசாரித்த அரச ஆணையத்தின் அறிக்கை 2023 ஜூலையில் வந்தது. பெறும் துறை எந்தக் கணக்குக்காகக் கேட்கிறது என்பதைத் தரும் துறை அறிந்திருக்க வேண்டும், அந்தக் கணக்குக்கு இந்த எண் பொருந்தாது என்று சொல்லும் உரிமையும் அதற்கு இருக்க வேண்டும் என்பதை இதிலிருந்து எடுத்துக்கொண்டேன்.

இனி நெதர்லாந்து. அங்கே மக்கள், நிறுவனங்கள், முகவரிகள் மற்றும் கட்டடங்கள், நிலம் என அடிப்படைப் பதிவேடுகள் பத்து இருக்கின்றன. இவற்றில் உள்ள தகவலை அரசு அமைப்புகள் கட்டாயம் பயன்படுத்த வேண்டும். குடிமகனிடம் மறுபடி கேட்கக் கூடாது. இது பல நாடுகளிலும் உள்ள ஏற்பாடுதான். எனக்குப் பிடித்தது அடுத்த விதி: பயன்படுத்தும் அமைப்புக்கு ஒரு தகவலின்மேல் நியாயமான சந்தேகம் எழுந்தால், அதைப் பதிவேட்டை நடத்துபவருக்குத் தெரிவிப்பது கட்டாயம். சலுகையாகவோ வேண்டுகோளாகவோ விடாமல் கடமையாகவே வைத்துவிட்டார்கள். சந்தேகத்துக்கு உள்ளான தகவலின்மேல் "விசாரணையில் உள்ளது" என்ற குறியைப் போட முடியும். அப்போது அதை எடுத்துப் பயன்படுத்தும் மற்றவர்களும் எச்சரிக்கையாக இருக்கலாம். ஒரு முகவரியில் கடிதம் திரும்பி வந்தது என்ற சின்னச் செய்திகூட ஒரு மூலையில் தங்கிவிடாமல் மூலத்துக்குப் போகிறது.

அதே நாட்டில்தான் குழந்தைப் பராமரிப்பு உதவித்தொகை விவகாரமும் நடந்தது. பெற்றோர்களை ஏமாற்றுக்காரர்களாக நடத்தியதற்காக 2021 ஜனவரியில் அமைச்சரவையே பதவி விலகியது. அதோடு சேர்த்துப் பேசப்பட்ட ஒரு பட்டியல், வரித் துறை வைத்திருந்த மோசடிச் சந்தேகப் பட்டியல். அதைச் சட்ட அடிப்படையின்றி வைத்திருந்ததற்காகத் தனியுரிமை ஆணையம் 2022 ஏப்ரலில் 37 லட்சம் யூரோ அபராதம் விதித்தது. அடிப்படைப் பதிவேடுகளுக்கு இருந்த திரும்பும் வழி இந்தப் பட்டியலுக்கு இல்லை. தான் அதில் இருப்பதே பலருக்குத் தெரியாது. நல்ல கட்டமைப்பு இருக்கிற வீட்டிலும் வரைபடத்தில் ஏறாத ஒரு பட்டியல் எங்காவது ஒரு கோப்புறையில் கிடக்கும். அதைத் தேடிப் பிடிப்பதும் எங்கள் வேலைதான். அதற்குச் சம்பளம் கொடுக்க யாரும் விரும்புவதில்லை என்பது வேறு விஷயம்.

எஸ்டோனியாவைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள், சுருக்கமாகச் சொல்கிறேன். 2001-இலிருந்து இயங்கும் எக்ஸ்-ரோடு என்ற தரவுப் பரிமாற்ற அமைப்பு வழியாகத் துறைகள் நடுவில் ஒரு பெரிய கிடங்கு இல்லாமல் நேரடியாகப் பேசிக்கொள்கின்றன. ஒவ்வொரு செய்தியும் கையொப்பமும் நேர முத்திரையும் பெற்றுப் பதிவாகிறது. ஒரே தகவலைத் திரட்டத் தனித்தனித் தரவுத்தளங்கள் வைப்பதைச் சட்டமே தடுக்கிறது. எனக்கு முக்கியமாகப் படுவது, தன் தகவலை எந்த அமைப்பு எப்போது எடுத்துப் பார்த்தது என்பதைக் குடிமகன் இணையத்தில் தானே பார்க்க முடிகிற வசதி; எல்லாப் பதிவேடுகளுக்கும் இல்லாவிட்டாலும் முக்கியமான பலவற்றுக்கு இருக்கிறது. தவறைக் கண்டுபிடிப்பதில் அதிக அக்கறை உள்ளவர் யார்? பதிவுக்கு உரியவர்தானே. அவர் கண்ணில் படும்படி வைத்தாலே பாதி வேலை முடிந்தது.

சட்டத்திலும் இந்தத் திரும்பும் வழி இல்லாமலில்லை. ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறையின் 19-ஆம் பிரிவு, ஒரு தகவலைத் திருத்தினால் அது முன்பு யார் யாருக்குப் போனதோ அவர்களுக்கெல்லாம் திருத்தத்தைத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. முடியாத காரியம் அல்லது அளவுக்கு மீறிய சிரமம் என்றால்தான் விலக்கு. கட்டமைப்பு ஆவணங்களில் இந்தப் பிரிவுக்கு ஒரு பெட்டி வரைந்திருப்பதை அபூர்வமாகத்தான் பார்க்கிறேன். யாருக்கு அனுப்பினோம் என்ற பட்டியலே பலரிடம் இல்லை. மாதம் ஒருமுறை மொத்தக் கோப்பாக அனுப்பிவிட்டால், அது அங்கிருந்து எங்கே போனது என்று கடவுளுக்குத்தான் வெளிச்சம். அதன்பிறகு சிரமம் அளவுக்கு மீறியது என்று விலக்குக் கேட்பது, சிரமத்தைத் தாங்களே உண்டாக்கிக்கொண்டு கேட்கும் விலக்கு.

புதிய தொழில்நுட்பங்களுக்கு வருகிறேன். பதிவுகளைச் சங்கிலிபோல் ஒன்றோடொன்று பிணைத்து வைக்கும் பிளாக்செயின் மீதான மோகம் உச்சத்தில் இருந்தபோது, அழிக்கவே முடியாத அரசுப் பதிவு என்று அதை விற்க வந்தவர்கள் பலர். பதிவு செய்தவர் தவறிவிட்டால் என்ன செய்வது என்று கேட்டால், திருத்தத்தைப் புதிய பதிவாகச் சேர்க்கலாம் என்பார்கள். சரி, பழையதை ஏற்கெனவே எடுத்துப் போனவர்? அதற்கு மௌனம். எஸ்டோனியா பயன்படுத்தும் முறையில்கூடத் தரவு சங்கிலியில் ஏறுவதில்லை. தரவு பின்னால் மாற்றப்படவில்லை என்று காட்டும், தரவின் கைரேகை போன்ற ஹாஷ் மதிப்பு மட்டும்தான் பதிவாகிறது. அந்த அளவுக்கு அது நல்ல கருவி.

ஒரு கணினி இன்னொன்றிடம் நேரடியாகக் கேட்கும் வாசலான ஏபிஐ வழியாகத் தேவைப்படும் நேரத்தில் மட்டும் கேட்டுப் பெறுவது, மொத்தக் கோப்பு அனுப்புவதைவிடப் பல மடங்கு மேல். பழைய நகல்கள் குறைகின்றன. யார் கேட்டார்கள் என்பதும் தானாகப் பதிவாகிறது. ஆனால் நேற்றுக் கேட்டுப் பெற்ற பதிலை வைத்து எடுத்த முடிவு, இன்று மூலத்தைத் திருத்தினால் தானாக மாறிவிடாது. அதனால் நான் பணம் செலவழிக்கச் சொல்வது நிகழ்வு அறிவிப்பில். "இந்த எண்ணுள்ள பதிவு மாறியிருக்கிறது" என்று மட்டும் ஒரு சின்னச் செய்தி. என்ன மாறியது என்பதைக்கூடச் சொல்ல வேண்டாம். முன்பு அந்தப் பதிவைக் கேட்ட துறைகளுக்கு அது போகும். உரிமையுள்ளவர் வந்து புதியதைக் கேட்டுப் பெறட்டும். இதற்குத் தேவையான மென்பொருள் எல்லாம் எப்போதோ வந்துவிட்டது, புதுமை என்று சொல்லிக்கொள்ள இதில் ஒன்றுமில்லை. அதனாலேயே நிதி கிடைப்பதில்லையோ என்னவோ.

குடிமகன் தன் கைபேசிப் பணப்பையில் சான்றிதழ்களை வைத்துக்கொண்டு தானே காட்டும் முறை இன்னும் நம்பிக்கை தருகிறது. இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு, சரிபார்க்கத்தக்க மின்னணுச் சான்றுகளுக்கான முதல் தரத்தை 2019-இலும் இரண்டாம் பதிப்பை 2025-இலும் வெளியிட்டது. ஐரோப்பிய ஒன்றிய நாடுகள் 2026 முடிவதற்குள் இத்தகைய பணப்பையைக் குடிமக்களுக்கு வழங்க வேண்டும் என்பது சட்டம். இங்கே சான்று ரத்தாகிவிட்டதா என்று பார்க்கும் வழி முதலிலிருந்தே வடிவமைப்பில் இருக்கிறது. பின்னால் ஒட்டவைத்த வேலையாக இல்லாமல் உடன்பிறந்ததாக இருப்பதால் எனக்கு இதில் பிரியம்.

செயற்கை நுண்ணறிவில்தான் பயம். நான்கு துறைகளின் பதிவுகளைப் படித்து ஒருவரைப் பற்றி ஒரு பத்தி எழுதிக் கொடு என்றால் மொழி மாதிரி அழகாக எழுதிக் கொடுக்கும். அந்தப் பத்தியில் எந்த வாக்கியம் எந்தப் பதிவிலிருந்து வந்தது? ஜனவரி 1 என்ற பொய்த் தேதி அதில் "இவருக்கு வயது இத்தனை" என்று நல்ல நடையில் உட்கார்ந்திருக்கும். நாளை மூலம் திருந்தினாலும் அந்தப் பத்தி யாருடைய கோப்பிலோ பழைய வயதோடு இருக்கும். அதைத் தேடிப்போக முகவரி கிடையாது. ஒவ்வொரு வாக்கியத்தோடும் மூலப் பதிவின் எண்ணும், எந்தத் தேதியின் பதிப்பு என்பதும் ஒட்டியிருக்காவிட்டால் அந்தச் சுருக்கத்தைக் கோப்பில் சேர்க்கவே விடக்கூடாது என்று வாதாடி வருகிறேன். பழைய பதிவுகளை வைத்துப் பழக்கப்பட்டு, ஒருவரால் எவ்வளவு ஆபத்து என்று மதிப்பெண் போடும் இடர் மதிப்பெண் மாதிரிகளின் பாடு இதைவிடக் கஷ்டம். திருத்தப்பட்ட ஒரு பதிவின் தாக்கத்தை மட்டும் மாதிரியிலிருந்து பிரித்து எடுப்பது எளிதான காரியமில்லை. மறுபடி பழக்க எவ்வளவு செலவாகும், எத்தனை மாதத்துக்கு ஒருமுறை பழக்குவார்கள் என்பதை வாங்குவதற்கு முன்பே கேட்டு எழுதி வாங்க வேண்டும்.

இப்போதெல்லாம், புதிய அமைப்பை ஏற்றுக்கொள்வதற்கு முன் நடக்கும் ஏற்புச் சோதனையில் இரண்டு படிகளைச் சேர்க்கச் சொல்கிறேன். முதல் படி: மூலப் பதிவேட்டில் ஒரு சோதனை நபரை உருவாக்கி, அவர் எல்லாத் துறைகளுக்கும் போய்ச் சேர்ந்தபின் பிறந்த தேதியை மாற்றுவது. புதிய தேதி ஒவ்வொரு முனையிலும் எப்போது தெரிகிறது என்று கடிகாரத்தை வைத்துப் பார்ப்பது. திரையில் மட்டுமில்லாமல் அறிக்கைகளிலும், ஆய்வுக்காகத் தரவை நகலெடுத்துச் சேர்த்துவைக்கும் பகுப்பாய்வுக் கிடங்கிலும், அச்சாகும் கடிதத்திலும். இரண்டாம் படி அதன் தலைகீழ்: கடைசி முனையில் இருக்கும் ஊழியர் ஒருவர் சந்தேகம் எழுப்புவது. அது யாருக்குப் போகிறது, பதில் வருவதற்குள் மற்றத் துறைகளின் திரையில் சந்தேகக் குறி தெரிகிறதா என்று பார்ப்பது. முதல் படியில் பெரும்பாலும் மாட்டிக்கொள்வது பகுப்பாய்வுக் கிடங்குதான். இரவில் ஓடும் ஏற்றும் நிரல் புதிய வரிகளை மட்டும் எடுத்துக்கொள்ளும். மாறிய வரிகளைக் கண்டுகொள்ளாது. இரண்டாம் படியில் சந்தேகக் குறி போடப் பொத்தான் இருக்கும், அழுத்தினால் ஒரு பொது மின்னஞ்சல் முகவரிக்குப் போகும், அந்த முகவரியைத் திறந்து பார்க்கும் பொறுப்பு யாருடையது என்று கேட்டால் கூட்டத்தில் எல்லோரும் அடுத்தவரைப் பார்ப்பார்கள். தேதி நெருங்க நெருங்க, இந்த இரண்டு படிகளையும் அடுத்த கட்டத்தில் பார்த்துக்கொள்ளலாமே என்று திட்ட மேலாளர் கேட்பார். நான் கையெழுத்துப் போடாமல் உட்கார்ந்திருப்பேன்.